சேலத்துல கிராவல் பைக்கா? ஏற்காடு அப்புறம், முதல்ல கரடுங்களைச் சுத்துங்க

தம்பி, பெங்களூர்ல இருந்து சேலத்துக்கு மாத்தலாகி வந்திருக்கீங்க, கிராவல் பைக் (மண் ரோட்லயும் ஓட்டற மாதிரி அகல டயர் போட்ட சைக்கிள்) இருக்கு, 40 மில்லிமீட்டர் டயர், ஏற்காடு ரோடு ஒண்ணைத்தான் எல்லாரும் சொல்றாங்க, அதை விட்டா மண் ரோடா, ஊருங்க வழியா, மேடும் பள்ளமுமா ஓட்ட இடம் இருக்கா, தனியா போனா பரவால்லயான்னு கேட்டிருந்தீங்க. இருக்கு. ஏராளமா இருக்கு. சொல்லப்போனா ஏற்காடு மெயின் ரோடுதான் உங்க வண்டிக்கு ஒத்தே வராத ரோடு. முழுக்க தார், 20 கொண்டை ஊசி வளைவு, சனி ஞாயிறு ஆனா டூரிஸ்ட் வேனும் காரும் ஹாரன் அடிச்சிக்கிட்டே முதுகுல வந்து நிக்கும், ரோட் பைக் வச்சிருக்கறவங்க காலங்காத்தால ஏறி இறங்கறதுக்கு அது அருமையான ஏத்தம், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா அகல டயரை வச்சிக்கிட்டு தார் ரோட்ல மலை ஏறறதுக்கா இந்த வண்டி வாங்கினீங்க?

சேலத்தோட அமைப்பை முதல்ல மனசுல வாங்கிக்கங்க. வடக்க நகரமலையும் அதுக்குப் பின்னாடி சேர்வராயன் மலையும், தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை, கிழக்க கோதுமலை. நடுவுல ஊர். இந்த மலைங்களுக்கு இடையில சின்னச் சின்ன கரடுங்க, அதாவது பாறைக் குன்றுங்க, சிதறிக் கிடக்கு. மழை பெஞ்சா இந்த மலைங்கள்ல இருந்து ஓடைங்க கிளம்பி, ஒரு பக்கம் திருமணிமுத்தாறு, ஒரு பக்கம் சரபங்கா, கிழக்க போனா வசிஷ்ட நதின்னு போய்ச் சேரும். நீங்க எந்தப் பக்கம் மண் ரோட்டுல போனாலும் இந்த ஓடைங்களைக் குறுக்க கடந்துதான் ஆகணும், ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு இறக்கம், ஒரு தரைப்பாலம், உடனே ஒரு ஏத்தம். மலை ஏறாமலே ஏத்தம் தன்னால சேர்ந்துக்கும், சாயங்காலம் கால் வலிக்கும்போதுதான் எவ்வளவு ஏறியிருக்கோம்னு தெரியும். அதனாலதான் சொல்றேன், சேலத்துல கிராவல் ஓட்டணும்னா மலை மேல தேடாதீங்க, மலையடிவாரத்துலயும் கரட்டோரத்துலயும் தேடுங்க.

ரோடு எந்த மாதிரின்னு பாக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. நம்ம பக்கம் மண் ரோடுன்னு பொதுவா சொன்னாலும் உள்ள நாலஞ்சு விதம் இருக்கு. கிராவல் அடிச்ச ரோடு, அதாவது பஞ்சாயத்துல லாரி லாரியா செம்மஞ்சள் கிராவல் மண்ணைக் கொட்டி ரோலர் விட்டது, அதுதான் உங்களுக்கு சொர்க்கம், ஒரு மழை பெஞ்சு டிராக்டர் நாலு தடவை போய் இறுகிட்டா தார் ரோட்டை விட சுகமா போகும். அடுத்தது வண்டித்தடம், ரெண்டு பக்கமும் டிராக்டர் சக்கரம் போன தடம், நடுவுல புல்லு. ஏரிக்கரை, வாய்க்கால் கரை ஒரு விதம். சேலத்துக்கு மேக்க கொங்குப் பக்கம் போனா இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி, கள்ளியும் பிரண்டையும் படர்ந்து, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலத்துக்கு பாதை. இவ்வளவும் நல்லது. கெட்டது ஒண்ணு உண்டு, ஜல்லி ரோடு. தார் போடறதுக்கு முன்னாடி உடைச்ச கருங்கல் ஜல்லியைப் பரப்பி விட்டுட்டு கான்ட்ராக்ட் எடுத்தவங்க மாசக்கணக்குல காணாம போயிடுவாங்க, அந்த ஜல்லி முனை எல்லாம் கத்தி மாதிரி, டயரோட பக்கவாட்டைக் கிழிச்சா ஒட்டவும் முடியாது. அந்த மாதிரி ரோடு வந்தா ஓரத்தைப் பாருங்க, டூவீலர்காரங்க ஓட்டி ஓட்டி ஒரு அடி அகலத்துக்கு ஒரு மண் தடம் கண்டிப்பா விழுந்திருக்கும், அதுல போங்க. அதுவும் இல்லன்னா இறங்கித் தள்ளுங்க, வெக்கமே வேண்டாம்.

இப்ப பாதைங்களுக்கு வரேன். ஆரம்பிக்கறதுக்கு பனமரத்துப்பட்டிப் பக்கம்தான் என்னோட முதல் சிபாரிசு, புதுசா வர யாருக்கும் இதைத்தான் சொல்லுவேன். சேலத்துல இருந்து நாமக்கல் ரோட்ல போயி தாசநாயக்கன்பட்டி கிட்ட இடது பக்கம் பிரிஞ்சீங்கன்னா கொஞ்ச தூரத்துலயே டவுன் சத்தம் நின்னுடும். பனமரத்துப்பட்டி ஏரி 1911ல சேலம் டவுனுக்குக் குடிதண்ணிக்காக வெட்டினது, ரெண்டாயிரம் ஏக்கருக்கு மேல பரப்பு, ஒரு காலத்துல மொத்த சேலமும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சுது. அப்புறம் பல வருஷம் தண்ணி சரியா இல்லாம ஏரி பூரா சீமைக்கருவேலம் ஏறிப்போய்க் கிடந்ததை நினைச்சா வயிறு எரியும், ஆனா கரையும் அதைச் சுத்தி இருக்கற தடங்களும் இன்னும் இருக்கு. அங்கிருந்து ஜருகுமலை அடிவாரத்தை ஒட்டியே குரால்நத்தம், கம்மாளப்பட்டிப் பக்கம் போங்க. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் அரளித் தோட்டம். சேலம் பூ மார்க்கெட்டுக்கு வர அரளில பெரும் பங்கு இந்தப் பக்கத்துதுதான், விடியக்காலைல போனீங்கன்னா பொம்பளைங்க தலையில டார்ச் கட்டிக்கிட்டு மொக்கு பறிச்சிக்கிட்டிருப்பாங்க, பூவை ஏத்திக்கிட்டு டிவிஎஸ் எக்செல் மொபெட் வண்டிங்க அந்த மண் ரோட்ல பறக்கும், அந்த நேரத்துல வண்டிக்கு வழி விட்டு ஓரமா நில்லுங்க, மார்க்கெட்டுக்கு அரை மணி நேரம் லேட்டானா அவங்களுக்கு விலை போயிடும். தோட்டத்துக்கு நடுவுல இருக்கற தடம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருது, எதுல நுழைஞ்சாலும் ஏதோ ஒரு ஊர்ல கொண்டுபோய் விடும். வரும்போது சந்தியூர் வழியா மல்லூர் வந்து, மல்லூர்ல டீ குடிச்சிட்டு, ஹைவேல ஏறாம நாழிக்கல்பட்டி, நிலவாரப்பட்டிப் பக்கமா உள்ளேயே வந்துடலாம். சுத்தி வர 45, 50 கிலோமீட்டர் ஆகும், காலைல 5:30க்குக் கிளம்பினா 10 மணிக்குள்ள வீட்ல இருக்கலாம். எங்க நின்னாலும் ஜருகுமலை கண்ணுல தெரியும், அதனால வழி தவறவே முடியாது, மலை இடது பக்கம் இருக்கா வலது பக்கம் இருக்கான்னு பாத்தே வீடு வந்து சேரலாம்.

ரெண்டாவது கஞ்சமலை. இது மலையை ஒரு ரவுண்டு சுத்தறது. சிவதாபுரம் வழியா போயி சித்தர் கோவில்ல ஆரம்பிச்சு, முருங்கப்பட்டி, நல்லணம்பட்டி, பெருமாகவுண்டம்பட்டி, இளம்பிள்ளைன்னு மலையை ஒட்டி இருக்கற ஊருங்களை ஒண்ணொண்ணா தொட்டுக்கிட்டு வரணும். கூகுள் மேப்புல வழி கேட்டா உங்களை தார் ரோட்டுக்குத்தான் தள்ளும், ஆனா மலைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல ஆடு மாடு போற தடம், தோட்டத்துக்குப் போற தடம் நிறைய இருக்கு. கீழ கிடக்கற கல்லைக் கொஞ்சம் கவனிங்க, கருப்பும் வெள்ளையுமா வரி வரியா இருக்கும், அந்தக் கருப்பு மேக்னடைட், இரும்புத் தாது, ஒரு காந்தத்தைக் கிட்ட வச்சா இழுக்கும். சேலத்துல உருக்காலை வரணும்னு எங்க ஊர்க்காரங்க அவ்வளவு வருஷம் போராடினதுக்குப் பின்னாடி இருந்தது இந்தக் கல்லுதான். கல்லு கெட்டியா இருக்கறதால மழைக்கு அப்புறம் கூட இந்தப் பக்கம் சேறு கம்மி, அது உங்களுக்கு நல்லது, ஆனா முனை கூர்மை, காத்தை ரொம்ப இறக்கிடாதீங்க. இளம்பிள்ளைக்குள்ள நுழையும்போது எல்லாத் தெருவுலயும் தறி சத்தம், வீட்டுக்கு வீடு சேலை நெய்யறாங்க, அங்க ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு காக்காபாளையம், அரியானூர் பக்கமா திரும்பி வந்துடலாம். அமாவாசை அன்னிக்கு மட்டும் இந்தப் பக்கம் வேண்டாம், சித்தர் கோவிலுக்கு வர கூட்டத்துல சைக்கிள் இல்ல, நடக்கவே இடம் கிடைக்காது.

மேக்க இன்னும் தள்ளிப் போக மனசு இருந்தா தாரமங்கலம், ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, வனவாசி, அந்த முக்கோணம். வெளிநாட்டு வீடியோவுல பாத்து ஆசைப்படறோமே அலை அலையா போற நிலம், நான் பாத்த வரைக்கும் நம்ம ஜில்லாவுல அதுக்குக் கிட்ட வரது இந்தப் பக்கம்தான். பெரிய மலை எதுவும் குறுக்க இல்ல, மானாவாரிக் காடு, சோளமும் ஆமணக்கும் நிலக்கடலையும், இட்டேரிக்குள்ள நுழைஞ்சா ரெண்டு பக்கமும் வேலி தவிர ஒண்ணும் தெரியாது, மேட்டுல ஏறினா திடீர்னு பத்து ஊர் தெரியும். மேச்சேரி ஆடுன்னு பேர் வாங்கின ஆடு இந்தப் பக்கத்து ஆடுதான், செவலை நிறத்துல பட்டி பட்டியா எதிர்ல வரும். ஆடு வந்தா பெல் அடிக்காதீங்க, மிரண்டு போயி நாலாபக்கமும் ஓடும், மேய்க்கற பெரியவர் அதைத் திரும்ப ஒண்ணு சேக்கறதுக்குள்ள பாவம் படாதபாடு படுவார். காலை ஊனி நின்னுடுங்க, அதுவா ஒதுங்கிப் போயிடும். இந்தப் பக்கம் கிழிச்ச கோடு மாதிரி வழி சொல்ல முடியாது, தாரமங்கலம் கோயில்ல இருந்து கிளம்பி மேக்கப் பாத்துப் போங்கன்னுதான் சொல்லணும், மீதியை நீங்களே கண்டுபிடிக்கறதுல தான் இருக்கு.

அதுக்கும் மேக்க காவேரி. ஒரு நாள் பூரா ஒதுக்கி மேட்டூர் வரைக்கும் ரயில்லயோ கார்லயோ வண்டியை ஏத்திக்கிட்டுப் போயி, அங்கிருந்து கிழக்குக் கரை வாய்க்காலை ஒட்டி பூலாம்பட்டி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. வாய்க்கால் கரைல ஏத்தமே கிடையாது, தண்ணி போற வாட்டத்துக்கு நீங்களும் போவீங்க. பாசனத்துக்கு வழக்கமா ஆகஸ்ட்ல திறந்து டிசம்பர் நடுவுல நிறுத்துவாங்க, 137 நாள், அந்த நாலு மாசம் இந்தக் கரை இருக்கற பச்சை வேற எப்பவும் இருக்காது. ஆனா கரைக்குக் கைப்பிடிச் சுவர் எதுவும் இல்ல, தண்ணி வேகம், அதனால பக்கத்துல பக்கத்துல ஓட்டிக்கிட்டு பேசிட்டுப் போற இடம் இல்ல அது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போகணும், நீர்வளத்துறை கேட் பூட்டியிருந்தாலோ போர்டு வச்சிருந்தாலோ இறங்கி ஊர் ரோட்டுக்கு வந்துடணும். பூலாம்பட்டில கதவணை இருக்கறதால ஆறு ஏரி மாதிரி நிறைஞ்சு நிக்கும், அங்க விசைப்படகு இருக்கு, ஆளோட பைக்கையும் ஏத்தி அக்கரைல நெரிஞ்சிப்பேட்டைல விடுவாங்க, அது ஈரோடு ஜில்லா. எதிர்ல பாலமலை. நெரிஞ்சிப்பேட்டைல இருந்து மேக்குக் கரை வழியா மேட்டூருக்கே திரும்பி வந்தா ஒரு முழு வட்டம். ஆத்துல தண்ணி அதிகமா திறந்துவிட்ட நாள்ல படகை நிறுத்திடுவாங்க, வெள்ள எச்சரிக்கை இருக்கான்னு முதல் நாளே பேப்பர்ல பாத்துக்கங்க.

கிழக்க வாழப்பாடி, பேளூர் பக்கம் வேற மாதிரி நிலம். வாழப்பாடி வரைக்கும் உளுந்தூர்பேட்டை ஹைவேல ஓட்டாதீங்க, பஸ்ஸும் லாரியும் போற வேகத்துக்கு அதுல ஒரு சுகமும் இல்ல, வண்டியைக் கார்ல கொண்டுபோயிடுங்க. வாழப்பாடில இருந்து பேளூர், வசிஷ்ட நதிக்கரைல தான்தோன்றீஸ்வரர் கோயில், அங்க இருந்து புழுதிக்குட்டை, ஆணைமடுவு டேம். ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வந்துக்கிட்டே இருக்கும், பாக்குத் தோப்பு, மரவள்ளிக் காடு, அங்கங்க கிழங்கு மில். மில்லுக்குப் பக்கத்துல களத்துல வெள்ளை வெளேர்னு மாவும் ஜவ்வரிசியும் காயப்போட்டிருப்பாங்க, புளிச்ச வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்துல பழகிடும். நாட்டுல ஜவ்வரிசிக்குப் பேர் போன ஊர்னா சேலம் ஜில்லாதான், 1981ல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கமே வச்சாங்க, அந்தக் கிழங்கு விளையற நிலத்தை சைக்கிள்ல போய் பாக்கறதே ஒரு அனுபவம். கால்ல தெம்பு இருக்கறவங்க தும்பல் வழியா கருமந்துறை வரைக்கும் ஏறலாம், அது கல்வராயன் மலை, ஏற்காடு மாதிரி டூரிஸ்ட் கூட்டம் கிடையாது, ஆனா அது ஒரே நாள்ல சேலத்துக்குத் திரும்பற பாதை இல்ல, தங்கறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க.

ஏற்காடே வேண்டாமான்னு கேட்டா, வேணும், ஆனா ஏறறதுக்காக இல்ல, மேல சுத்தறதுக்காக. ஏறறதுன்னா கொண்டை ஊசி ரோட்டை விட்டுட்டு குப்பனூர் ரோட்டைப் பிடிங்க. வீராணம், வலசையூர் பக்கமா மாந்தோப்பு வழியா அடிவாரத்துக்கு வந்து, குப்பனூர்ல இருந்து கொட்டச்சேடு வழியா மேல. அதுவும் தார்தான், ஆனா வண்டி நடமாட்டம் கம்மி. நிதானமா ஏறணும், சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஊர் அதுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல உசரத்துல இருக்கு, அதை மனசுல வச்சிக்கிட்டு கியர்ல முன்னாடி பல்சக்கரம் 40 பல், பின்னாடி பெரிய பல்சக்கரம் 42 பல்லாவது இருக்கான்னு பாருங்க, முன்னாடி 30 பல் சின்ன சக்கரம் இருந்தா இன்னும் நல்லது. மழைக்காலத்துல கிளம்பறதுக்கு முன்னாடி ரோடு திறந்திருக்கான்னு கேளுங்க, 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதைல மண்சரிவு ஆகிப் போக்குவரத்தை நிறுத்தினது ஞாபகம் இருக்கும்.

மேல போயிட்டா லூப் ரோடுன்னு 32 கிலோமீட்டர் இருக்கு, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம்னு ஊர் ஊரா போற ரோடு. தார் ரோடு லூப்பா போகுது, அதுல இருந்து மலையாளிங்கற மலைப் பழங்குடி ஜனங்க (கேரளாக்காரங்க இல்ல) இருக்கற குக்கிராமங்களுக்கு கிளை ரோடு பிரியுது, சிலது கான்கிரீட், சிலது மண்ணு, சிலது ஒண்ணுமே இல்லாத செங்குத்து. சேர்வராயன் கோயில் மேடு 1,600 மீட்டருக்கு மேல, உச்சி ஏன் அப்படித் தட்டையா இருக்குன்னா மேல பாக்சைட் படிஞ்சு இறுகிப் போயிருக்கு, அந்த செம்பழுப்பு மண்ணு டயருக்கு அருமையா பிடிக்கும். காபித் தோட்டத்துக்குள்ள போற ரோட்டு மேலதான் எல்லாருக்கும் கண்ணு போகும், சில்வர் ஓக் நிழல், மரத்துல மிளகுக் கொடி, நவம்பர்ல இருந்து காபிப்பழம் பறிக்கற சீசன். 1820கள்ல காக்பர்ன்னு சேலம் கலெக்டரா இருந்தவர் கொண்டுவந்து வச்ச பயிர் இது. ஆனா தம்பி, அது தனியார் எஸ்டேட். கேட் திறந்திருக்குன்னு உள்ள போயிடக் கூடாது. வாட்ச்மேன் கிட்ட நின்னு பேசி, இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடறேங்கன்னு சொன்னா பல எஸ்டேட்ல விடுவாங்க, விடலன்னா கும்பிடு போட்டுட்டுத் திரும்பிடணும். சாயங்காலம் 5 மணிக்கு மேல தோட்டத்து ஓரத்துல இருக்கவே இருக்காதீங்க, காட்டுமாடு இறங்கி வர நேரம். பாக்க சாதுவா நிக்கும், சைக்கிள் சத்தமில்லாம வரதால கிட்ட போற வரைக்கும் அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, திடீர்னு திரும்பினா என்ன பண்ணும்னு சொல்ல முடியாது.

ரிசர்வ் ஃபாரஸ்ட் விஷயத்துல மட்டும் நான் கறாரா சொல்லுவேன். சேர்வராயன் அடிவாரம், ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை எல்லாத்துலயும் ஊர் எல்லை முடிஞ்சதும் வனத்துறைக் காடு ஆரம்பிக்கும், எல்லைக்கல் இருக்கும், போர்டு இருக்கும். சாட்டிலைட் மேப்புல உள்ள அழகா ஒரு தடம் தெரியுதுன்னு அனுமதி இல்லாம போறது தப்பு, சட்டப்படி கேஸ் போடலாம். அதைவிட முக்கியம், நாலு பேர் அப்படிப் போயி மாட்டினா அடுத்து எல்லையோரத்துல போற ஊர்த் தடத்துல கூட நம்மளை சந்தேகத்தோட பாப்பாங்க. காட்டுக்கு வெளிய இருக்கறதே ஓட்டித் தீராது. அதே மாதிரி கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக் கல்லு குவாரி, வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ்னு பேர் வச்ச மேக்னசைட் நிலம், பாக்கறதுக்கு ஓட்டத் தோணும், உள்ள போகாதீங்க, பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது.

மேப்புல பாதை தேடறதுக்கு ஒரு வழி சொல்றேன். சாட்டிலைட் வியூல போட்டு ஊருக்கும் ஊருக்கும் நடுவுல செம்மண் கோடு எங்க போகுதுன்னு பாருங்க, கோடு பட்டையா வெளிறிப்போய் இருந்தா அடிக்கடி வண்டி போகுதுன்னு அர்த்தம், பச்சைக்குள்ள மறைஞ்சு மறைஞ்சு போனா முள்ளு மூடியிருக்கும். நேர்ல போனதும் டீக்கடைல இந்த வழியா சைக்கிள் போகுமாங்கன்னு கேக்காதீங்க, சைக்கிளான்னு உங்களை மேலயும் கீழயும் பாத்துட்டு மெயின் ரோட்ல போங்கன்னு சொல்லிடுவாங்க. எக்செல் போகுமாங்கன்னு கேளுங்க. எக்செல் போற இடத்துக்கு உங்க வண்டி போகும், எக்செல்லே போகாதுன்னா நீங்களும் போகாதீங்க, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

டயர். அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல எம்போரியாங்கற ஊர்ல 2006ல இருந்து 200 மைல் கிராவல் ரேஸ் ஒண்ணு நடக்குது, இப்ப அன்பவுண்ட்னு பேரு, அங்க ஃப்ளின்ட் கல்லு டயரைக் கிழிக்கறதுதான் எல்லாருக்கும் பயம். நமக்கு நெருஞ்சி முள்ளு. மழைக்கு அப்புறம் தரையோட தரையா படர்ந்து மஞ்சப் பூ பூத்து நிக்கும்போது அழகா இருக்கும், ஜனவரி பிப்ரவரில காஞ்சு முள்ளு உதிர்ந்து தடம் பூரா கிடக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல பாத்துதான் நிக்கும். ட்யூப் போட்டு ஓட்டினா ஒரே காலைல நாலு பஞ்சர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், அதனால ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் பண்ணி, ஓட்டையைத் தானா அடைக்கற சீலன்ட் திரவத்தை ஊத்திடுங்க, 40 மில்லிமீட்டர் டயருக்கு 60 மில்லிலிட்டராவது, நம்ம ஊர் வெயிலுக்கு சீக்கிரம் காஞ்சுடும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாத்து ஊத்துங்க. ப்ரஷர் 70 கிலோ ஆளுக்கு முன்னாடி 32, பின்னாடி 35 பிஎஸ்ஐ சுத்துவட்டாரத்துல வச்சு ஓட்டிப் பாத்து கூட்டிக் குறைச்சிக்கங்க, கஞ்சமலைப் பக்கம்னா ரெண்டு கூட. ஒரு ஸ்பேர் ட்யூப் எப்பவும் வேணும், ஆனா ட்யூப்லெஸ் டயருக்குள்ள ட்யூப் போடறதுக்கு முன்னாடி உள்பக்கத்தை விரலால மெதுவா தடவி, சீலன்ட் அடைச்சி வச்சிருந்த பழைய முள்ளு எல்லாத்தையும் பிடுங்கிடணும், இல்லன்னா போட்ட அடுத்த நிமிஷம் புஸ்ஸுனு போயிடும். சீமைக்கருவேலம் வெட்டிப் போட்ட இடம் வந்தா வண்டியைத் தோள்ல தூக்கிட்டு நடங்க. அந்த முள்ளுக்கு எந்த சீலன்ட்டும் பத்தாது.

எப்ப ஓட்டலாம்னா டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி முடியற வரைக்கும் தங்கமான காலம், காலைல பனி இருக்கும், மண்ணு இறுகியிருக்கும். மார்ச்சுக்கு அப்புறம் 9 மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும், ஏப்ரல், மே மாசத்துல 40 டிகிரியைத் தொடும், ஆனா வரகம்பாடிப் பக்கம் மாந்தோப்புல பழம் இறக்கறது அப்பதான், அதுக்காகவே ஒரு காலைல போகலாம், தோப்புலயே நின்னு வாங்கற மல்கோவாவும் இமாம்பசந்தும் கடைல கிடைக்காது. ஐப்பசி கார்த்திகை மழைல செம்மண் ரோட்ல அன்னிக்கே போகாதீங்க, ஒரு நாள் வெயில் காயவிட்டுப் போனா மண்ணு பிடிப்பா இருக்கும், தூசியும் இருக்காது. அங்கங்க கரிசல் திட்டு வரும், அதுல ஈரம்னா சக்கரமே சுத்தாது, முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க்குல மண்ணு அப்பிக்கும், ஒரு குச்சி வச்சிக்கங்க. அறுவடை சமயத்துல கிராமத்து ரோட்ல சோளம், கொள்ளு எல்லாம் காயப்போட்டிருப்பாங்க, கார்காரங்க ஏத்திட்டுப் போறாங்கன்னு நாமளும் ஏத்தக் கூடாது, இறங்கி ஓரமா தள்ளிட்டுப் போங்க.

தனியா போறதைப் பத்தி கேட்டிருந்தீங்க. ஆளுங்களால ஒரு பயமும் இல்ல. எங்க போறீங்க, எந்த ஊரு, எதுக்கு இந்த வெயில்ல சைக்கிள்னு நிறுத்தி நிறுத்திக் கேப்பாங்க, நின்னு பதில் சொல்லுங்க, மோரோ தண்ணியோ கொடுக்காம அனுப்ப மாட்டாங்க. தண்ணி தீந்தா ஊர் மினி டேங்க்ல பிடிக்கறதுக்கு முன்னாடி இது நல்ல தண்ணியாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க, போர் தண்ணி உப்பா இருக்கும், காவேரி தண்ணி வர குழாயை அவங்களே காட்டுவாங்க. நாய்தான் தொந்தரவு, அதுவும் தோட்டத்து வீட்டு நாய். துரத்தினா வேகமா மிதிக்கறது தப்பு, நிறுத்தி இறங்கி வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவுல வச்சிக்கிட்டு மெதுவா நடங்க, அதோட எல்லை முடிஞ்சதும் நின்னுடும். கடிச்சிடுச்சுன்னா சின்ன கீறல்தானேன்னு விடாம சோப்புப் போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி போட்டுக்கங்க. மலையடிவாரத்துல பல இடத்துல சிக்னல் இருக்காது, அதனால போற வழியை வீட்ல சொல்லிட்டு மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிட்டுக் கிளம்புங்க.

உங்க 40 மில்லி டயர் இது எல்லாத்துக்கும் போதும், இட்டேரில மட்டும் 45 இருந்தா கொஞ்சம் சுகம், அதுக்காக இப்பவே மாத்த வேண்டியதில்ல. வர ஞாயித்துக்கிழமை பனமரத்துப்பட்டில ஆரம்பிங்க, அது கால்ல ஒட்டினதும் கஞ்சமலை, தண்ணி திறந்திருக்கற மாசமா இருந்தா பூலாம்பட்டி. உங்க எடையும் பின்னாடி எத்தனை பல்லுன்னும் சொன்னீங்கன்னா குப்பனூர் ஏத்தத்துக்கு அது ஒத்து வருமான்னு பாத்துச் சொல்றேன்.